ஒரு லைன் எழுதிப் போடுங்க! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சத்துவாச்சாரி வாசகர் ஒருவர், 'வேலூரில் ஆபீசர்ஸ் லைன் என்று ஒரு தெரு இருக்கிறதே, அங்கே எந்த ஆபீசர் லைன்ல நின்னார்?' என்று கேட்டிருந்தார். இடம் போதாமல் பதிலை இந்த இதழுக்குத் தள்ளினோம். அதற்குள் 'லைன்' என்கிற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று நாலா பக்கமிருந்தும் கடிதங்கள். சரி, இந்த முறை வேறு கேள்வியே வேண்டாம், முழுக்க லைன்தான்.

ஆபீசர்ஸ் லைன் – பேர்க் காரணம் என்ன சார்?
(சத்துவாச்சாரி வாசகர்)

ஆபீசர் யாரும் வரிசையில் நிற்கவில்லை, அவர்கள் வீடுகள்தான் நின்றன. பட்டாளம் தங்குகிற இடத்தில் வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கு வெள்ளைக்காரர்கள் 'லைன்ஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் இருந்தால் சிப்பாய் லைன்ஸ், குதிரைப்படை இருந்தால் கேவல்ரி லைன்ஸ், அதிகாரிகள் இருந்தால் ஆபீசர்ஸ் லைன். வடநாட்டில் பெரிய ஊர் எதற்குப் போனாலும் ஒரு சிவில் லைன்ஸ், ஒரு போலீஸ் லைன்ஸ் கண்ணில் படும், எல்லாம் ஒரே குடும்பம். வேலூர் பட்டாளம் பழகின ஊர். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்ப் புரட்சி வெடித்ததே நம் கோட்டைக்குள்தான். ரயில்வே ஸ்டேஷன் பேரில் இன்னும் கண்டோன்மெண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, ஊரிசு கல்லூரி முகவரியில் ஆபீசர்ஸ் லைன் என்று வருவதில் என்ன ஆச்சரியம்?

இதே சொல் கடல் தாண்டிப் போன கதை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்கு, முதலில் காபி, அப்புறம் தேயிலை என்று, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்களும் உண்டு. அவர்களுக்குத் தோட்டத்துரை கட்டிக் கொடுத்ததும் 'லைன்'தான். நீளமாக ஒரு கட்டடம், அதைச் சுவர் வைத்துத் தடுத்து வரிசையாக அறைகள், பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம், முன்னால் சின்னதாக ஒரு திண்ணை. அந்த லைன் நம் ஜனங்கள் வாயில் 'லயம்' ஆகிவிட்டது, லயன் என்றும் சொல்வார்கள். சங்கீதத்தில் வரும் லயத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. துரைக்கும் லைன், கூலிக்கும் லைன். ஒன்றில் தோட்டம் துரவோடு பங்களா, இன்னொன்றில் தகரக் கூரை, பேர் மட்டும் கூச்சமே இல்லாமல் ஒன்று. கோவை, திருப்பூர் பக்கம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற சின்ன வீடுகளை இன்றும் 'லைன் வீடு' என்கிறார்களே, அதுவும் இந்த வழியில் வந்த பேச்சுதான்.

எங்க அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நர்ஸ் வந்து, 'தாத்தாவுக்கு லைன் போடணும், கொஞ்சம் நகருங்க' என்றார். என் தம்பி சிரித்துவிட்டான், நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தச் சொல்லை மாற்றக் கூடாதா?
(தோட்டப்பாளையம் வாசகி)

தம்பி தலையில் செல்லமாக ஒரு குட்டு வையுங்கள், அம்மா. வேலூர் மாதிரி ஆஸ்பத்திரி ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு 'லைன் போடணும்' என்று சொல்கிறார்களோ, எல்லாரும் சிரித்தால் வார்டு தாங்காது.

ரத்தக்குழாய்க்குள் மருந்து போகப் போடுகிற வழிதான் அந்த லைன். கையில் குத்துகிற சின்ன பிளாஸ்டிக் குழாய்க்கு நம் ஊரில் வென்ஃப்ளான் என்றே பேர் நிலைத்துவிட்டது, அது ஒரு கம்பெனி வைத்த பேர். அதன் மூடி நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக வைத்த நிறம் இல்லை, அளவைக் காட்டுகிற நிறம். பச்சை பெரிது, பிங்க் அதைவிடச் சின்னது, நீலம் இன்னும் சின்னது, மஞ்சள் குழந்தைகளுக்கும் நரம்பு கிடைக்காமல் திண்டாடுகிற பெரியவர்களுக்கும். கழுத்து வழியாகவோ நெஞ்சு வழியாகவோ பெரிய ரத்தக்குழாய்க்குப் போடுவது 'சென்ட்ரல் லைன்'. தமனியில் போட்டு ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்ப்பது 'ஆர்ட்டீரியல் லைன்'. கீமோ எடுப்பவர்களுக்கு மேல்கையில் போட்டு இதயத்துக்குப் பக்கம்வரை நீட்டி விடுகிற மெல்லிய குழாய் 'பிக் லைன்'.

'லைன் அவுட் ஆயிடுச்சு' என்று சொன்னால் பதற வேண்டாம். மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே தோலுக்கடியில் இறங்குகிறது, வேறு இடத்தில் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் போட்ட இடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, எரிந்தாலோ, நர்ஸ் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு டிபி. 'ஃபர்ஸ்ட் லைன் மருந்து ஒத்துக்கலேன்னா செகண்ட் லைனுக்குப் போகலாம்' என்கிறார்கள். செகண்ட் லைன் என்றால் மட்டமான மருந்தா?
(பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி)

மட்டம் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். இங்கே லைன் என்பது படை வரிசை. போருக்கு முதலில் இறங்குகிற அணி முதல் வரிசை. அதனால் முடியாத இடத்தில் அடுத்த அணி. டிபிக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்ற நான்கும் முதல் வரிசை, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அவை நன்றாக வேலை செய்கின்றன, தொந்தரவும் ஓரளவு குறைவு. கிருமி அவற்றுக்கு மசியவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தாலோ, உடம்பு தாங்கவில்லை என்றாலோ அடுத்த வரிசையைக் கூப்பிடுவார்கள். முதல் வரிசை மருந்தை 'உடம்பு தேறிடுச்சு' என்று நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் பல சமயம் இரண்டாம் வரிசைக்குப் போய் நிற்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் தினமும் மாத்திரை போடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொண்ணு வீட்டில் 'லைன் கிளியர்' என்று புரோக்கர் சொன்னார். இது சினிமாவில் வந்த பேச்சா?
(குடியாத்தம் வாசகர்)

சினிமாவுக்கு முன்னால் ரயில்வே, தம்பி. முதலில் வாழ்த்துகள்.

ஒற்றைத் தண்டவாளம் இருக்கிற பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதனால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம், 'வண்டி அனுப்பலாமா?' என்று கேட்பார். அந்தக் காலத்தில் அங்கிருந்து அனுமதி வந்தால்தான் இங்கே மெஷினிலிருந்து ஒரு இரும்பு உருண்டை வெளியே விழும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, எஞ்சின் டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது. வண்டி நிற்காத ஸ்டேஷனில், ஓடுகிற வண்டியிலிருந்து பழைய வளையத்தை வீசிவிட்டு, பிளாட்பாரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறவர் கையிலிருந்து புது வளையத்தைக் கையை விட்டுக் கோத்துக்கொண்டு போவார்கள். காட்பாடி – விழுப்புரம் பாதையில் போய் வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணை விரித்துக்கொண்டு சொல்வார்கள். அந்த அனுமதிக்குப் பேர்தான் 'லைன் கிளியர்'. தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரைதான் ஓடியது என்பதால், இந்தப் பேச்சு நம் பக்கத்துக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. மின்வாரியத்திலும் லைன் கிளியர் உண்டு, 'எல்.சி.' என்பார்கள். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் எல்.சி. வாங்க வேண்டும், அதாவது இந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை முடிந்ததாக நீ வந்து சொல்லும்வரை திரும்பக் கொடுக்க மாட்டோம் என்கிற அனுமதி. வாங்கினவரே திருப்பிக் கொடுக்க வேண்டும், நண்பர் வந்து 'அவர் இறங்கிட்டார், ஆன் பண்ணுங்க' என்று சொல்வதற்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. எல்.சி. வாங்கியும், சுவிட்ச் நிறுத்தியும், கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டின பிறகுதான் கை வைப்பார்கள். ஏனென்றால் எங்கேயாவது ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்பக்கமாகக் கரண்ட் ஏறி வரும் ஆபத்து இருக்கிறது. ஆக, ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் 'வண்டி போகலாம்', கரண்ட் ஆபீஸில் லைன் கிளியர் என்றால் 'ஒன்றும் போகாது'. புரோக்கர் எந்த இலாகா என்று விசாரித்துவிட்டுப் பத்திரிகை அடியுங்கள்.

கம்பத்தில் ஏறுகிறவரும் லைன்மேன், ஃபுட்பாலில் கொடி பிடிக்கிறவரும் லைன்மேனா?
(பள்ளி மாணவர், அணைக்கட்டு)

அவர் லைன்ஸ்மேன், நடுவில் ஒரு 'ஸ்' வரும். இவர் பார்ப்பது கம்பி, அவர் பார்ப்பது சுண்ணாம்புக் கோடு. 1996-லிருந்து ஃபுட்பாலில் அவருக்கு உதவி நடுவர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். டென்னிஸில் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பவர்களை விம்பிள்டனில் 2025-லிருந்து எடுத்தே விட்டார்கள், பந்து வெளியே விழுந்ததா என்று மெஷின் சொல்கிறது. நம் லைன்மேன் வேலைக்கு அப்படி ஒரு மெஷின் இன்னும் வரவில்லை, மழை ராத்திரியிலும் அவரே ஏற வேண்டியிருக்கிறது.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பர், லைனிங், சோல் என்று பிரித்துச் சொல்வோம். உள்ளே வைத்துத் தைக்கிற தோலுக்கு ஏன் லைனிங்? அதில் கோடு எதுவும் இல்லையே!
(ஆம்பூர் வாசகி)

இத்தனை கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். கோடே இல்லாத லைன் எப்படி வந்தது என்று பார்க்கப் போனால் அந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே போய்விடலாம்.

ஆளி விதை தெரியும் இல்லையா, இப்போது சர்க்கரைக்கு நல்லது என்று பொடி பண்ணிச் சாப்பிடுகிறார்களே, அந்தச் செடிக்கு லத்தீனில் லினும் என்று பேர். அதன் தண்டில் நார் எடுத்து நூல் நூற்பார்கள். அந்த நூல்தான் லினியா. நூல் பிடித்து நேர் பார்ப்பது உலகம் முழுக்கக் கொத்தனார் வழக்கம், அதனால் நூலின் பேர் கோட்டுக்கு வந்தது. கோட்டிலிருந்து வரிசை, வரிசையிலிருந்து எழுத்து வரி, கம்பி, பாதை, வம்சம், வியாபாரம் என்று கிளை விட்டுக்கொண்டே போயிற்று. 'நீங்க என்ன லைன்ல இருக்கீங்க?' என்று தொழிலைக் கேட்கிறோமே, அதுவரைக்கும்.

அதே நூலில் நெய்த துணி லினன். மேலே கம்பளிச் சட்டை உடம்பை அரிக்காமல் இருக்க உள்பக்கம் லினன் வைத்துத் தைத்தார்கள், அதுதான் லைனிங். அப்புறம் உள்ளே எதை வைத்துத் தைத்தாலும் லைனிங் ஆகிவிட்டது: பிளவுஸுக்குப் பருத்தித் துணி, உங்கள் ஷூவுக்கு ஆட்டுத்தோல். லஞ்சம் வாங்கிக் கொழுத்தவனை, தன் பாக்கெட்டுக்கு லைனிங் போட்டுக்கொண்டான் என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்த லைனிங்தான்.

உங்கள் கம்பெனியிலேயே இன்னொரு லைனும் இருக்கும் பாருங்கள்: ஸ்டிச்சிங் லைன், லைன் சூப்பர்வைசர். அது வரிசையிலிருந்து வந்தது, ஹென்றி ஃபோர்டு 1913-ல் கார் ஃபேக்டரியில் நகரும் அசெம்பிளி லைன் வைத்தாரே, அந்தக் கிளை. லைனில் உட்கார்ந்துகொண்டு லைனிங் தைக்கிறீர்கள். இரண்டும் ஒரே செடி.

டெட்லைன் என்கிறார்களே, அதில் யார் செத்தார்கள்?
(காட்பாடி கல்லூரி மாணவர், ப்ராஜெக்ட் இன்னும் முடிக்காதவர்)

நிஜமாகவே செத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம், 1864-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் ஒரு கைதி முகாம். சுற்றிலும் மரக்கம்ப மதில், அதற்கு உள்பக்கம் சில அடி தள்ளி ஒரு சின்ன வேலி. மதில்மேல் காவல்காரன். வேலியைக் கைதி தொட்டாலோ தாண்டினாலோ எச்சரிக்கை கிடையாது, சுட்டுவிடலாம். அந்த வேலிக்குத்தான் டெட்லைன் என்று பேர். அந்த முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். ஆனால் பெரும்பாலும் குண்டடி பட்டு அல்ல, நோயிலும் பட்டினியிலும் அழுக்குத் தண்ணீரிலும். முகாம் தலைவன் ஹென்றி வெர்ஸை 1865-ல் தூக்கில் போட்டார்கள். பின்னால் பத்திரிகை ஆபீஸ்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, கடைசி நேரத்துக்குப் பேராக வைத்துவிட்டார்கள். எங்கள் எடிட்டருக்கு இந்தக் கதை தெரியாமல் இருப்பது நல்லது. நீங்கள் ப்ராஜெக்ட்டை முடியுங்கள்.

லைன் அடிப்பது என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டும்? வெளிநாட்டு நண்பனிடம் அப்படியே சொன்னேன், முழித்தான்.
(வேலூர், வயது 19)

முழிக்கத்தான் செய்வான். அது நம் ஊர்ச் சரக்கு. இந்தியிலும் இதே அர்த்தத்தில் லைன் மார்னா என்பார்கள், ஆனால் லண்டனில் செல்லாது. அங்கே ஃப்ளர்ட் என்று சொல்ல வேண்டும். பேச்சுக் கொடுக்க முதலில் எடுத்து விடுகிற வசனத்தைப் பிக்கப் லைன் என்பார்கள், நடிகர் மனப்பாடம் பண்ணுகிற வசனமும் லைன்தான். நீங்கள் பாகாயம் பஸ்ஸில் அதை முயற்சி செய்து பார்க்க வேண்டாம், கண்டக்டர் இறக்கி விட்டுவிடுவார்.

தஞ்சாவூர்ப் பக்கம் போகும்போது 'மெயின் லைன் வண்டியா, கார்டு லைன் வண்டியா' என்று கேட்கிறார்கள். கார்டு அங்கே தனியாக லைன் வைத்திருக்கிறாரா?
(வாலாஜாபேட்டை வாசகர்)

பச்சைக் கொடி காட்டுகிற கார்டு இல்லை. வட்டத்தில் இரண்டு புள்ளியைச் சேர்த்து நேராகக் கோடு போடுவோமே, நாண், அந்தக் கார்டு. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் பழைய பாதை கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று வளைந்து போகும். அது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே வெட்டிப் போவது கார்டு லைன். தஞ்சாவூர் போகிறவர் தெரியாமல் கார்டு லைன் வண்டியில் ஏறினால் திருச்சியில் இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான், ஆகவே கேட்டுவிட்டே ஏறுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். லைன் வைத்து வருகிற மரபுத்தொடர்களில் பிள்ளைகள் எதில் அதிகம் இடறுவார்கள்?
(ஆசிரியை, ராணிப்பேட்டை)

டீச்சருக்கே பாடம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை, இரண்டு மட்டும் சொல்கிறேன். 'டோ த லைன்' என்பதில் வருவது கால்விரல். கோட்டில் விரலை வைத்து நில் என்றால் நிற்பது, அதாவது சொன்ன பேச்சைக் கேட்பது. வண்டியைக் கட்டி இழுக்கிற 'டோ' என்று நினைத்துப் பெரியவர்களே எழுத்தைத் தப்பாகப் போடுகிறார்கள். அடுத்தது 'பாட்டம் லைன்': கணக்குப் புத்தகத்தில் கடைசி வரி, லாபமா நஷ்டமா என்று சொல்கிற வரி, அதனால் 'கடைசியில் விஷயம் என்ன' என்ற அர்த்தம். பிள்ளைகள் அடிக்கோடு என்று எழுதி வைப்பார்கள், அது அண்டர்லைன். அப்புறம் ஒன்று, இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தில் 'லைன்ஸ்' என்றால் தண்டனை: ஒரே வாக்கியத்தை நூறு தடவை எழுது. நாம் இம்போசிஷன் என்கிறோம். அதுவும் அவர்களிடமிருந்து வந்த பேர்தான், அங்கே பழசாகிவிட்டது, இங்கே ஜோராக ஓடுகிறது.

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் லைன்தானா?
(பேர்ணாம்பட்டு வாசகர்)

இல்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இரண்டாம் பதிப்பில் 'செட்'தான் ராஜா, 430 அர்த்தம். பிறகு புதுப்பிக்கிற வேலையில் 'ரன்' முந்திக்கொண்டது, வினைச்சொல்லாக மட்டும் 645. லைன் அந்தப் பந்தயத்தில் கொஞ்சம் பின்னால்தான்.

ஹாட்லைன் என்றால் அமெரிக்க ஜனாதிபதி மேஜைமேல் இருக்கும் சிவப்பு டெலிபோன்தானே?
(விரிஞ்சிபுரம் வாசகர்)

சினிமாவில் மட்டும். கியூபா ஏவுகணைச் சிக்கலுக்கு அடுத்த வருஷம், 1963-ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் போட்ட அந்த லைன் டெலிபிரிண்டர், எழுத்து மட்டும் போகும். பேச்சில் அவசரப்பட்டு ஏதாவது சொல்லி வைத்தால் உலகப் போர் ஆகிவிடும் என்று எழுத்தாகவே வைத்துக்கொண்டார்கள். கணவன் மனைவிக்கும் இந்த ஏற்பாடு நல்லதுதான் என்று எங்கள் சப் எடிட்டர் சொல்கிறார், அவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.

ஒரே லைனில் பதில் சொல்லுங்க: வரிசையில் நிற்பதை இன் லைன் என்பதா, ஆன் லைன் என்பதா?
(ஆற்காடு வாசகர்)

அமெரிக்காவில் இன் லைன், நியூயார்க்கில் மட்டும் ஆன் லைன், லண்டனில் க்யூ, உங்க ஊர் மக்கன் பேடா கடையில் 'அண்ணே, எனக்கு முதல்ல!'